விஞ்ஞானம் எனக்கு வராதா?



ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியை சிஸ்டர் கேட்டார்கள். "பாடத்தை ஒட்டியதாக இருக்கட்டும்" என்றும் சொன்னார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள் வேதியியல் கற்பித்து 2024இல் ஓய்வு பெற்றவள் நான். பாடத்தை ஒட்டி எழுத எத்தனையோ இருக்கின்றன. ஆனாலும், எல்லாப் பாடத்துக்கும் முன்னால் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருக்கும் ஒரு சொல்லைப் பற்றி எழுதவே மனம் விரும்புகிறது. "வராது" என்பதுதான் அந்தச் சொல்.

நான் பணியிலிருந்த கடைசி ஆண்டு, காலாண்டுத் தேர்வு முடிந்து பெற்றோர் கூட்டம் நடந்தது. பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தகப்பனார் பதினொன்றாம் வகுப்பு மகளோடு வந்து நின்றார். முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கேரளத்துக்கு லாரி ஓட்டுபவர். முந்தின இரவு வண்டியோட்டிய களைப்பு கண்ணில் தெரிந்தது.

"டீச்சர், எம் புள்ளைக்கு இந்த பிசிக்ஸு, கெமிஸ்ட்ரி எல்லாம் வரலீங்க. பத்தாவதுல நல்ல மார்க்குன்னு ஆசைப்பட்டுச் சேத்துட்டேனுங்க. ராவெல்லாம் புஸ்தகத்த வெச்சுக்கிட்டு அழுவுதுங்க. டி.சி. குடுத்துடுங்க. ஒரு வருசம் போனாப் போவுது, வேற எடத்துல வேற குரூப்புல சேத்துக்கறனுங்க" என்றார்.

வேதியியலில் எழுபதுக்குப் பதினாறு. அந்தப் பெண் தலையைத் தூக்கவே இல்லை. "நீ என்னம்மா சொல்றே?" என்றேன். "எனக்கு வராதுங்க டீச்சர்" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தையும் இல்லை.

நம் மொழியில் இந்த வழக்கம் வேடிக்கையானது. கணக்கு வராது, பாட்டு வராது, சமையல் வராது என்கிறோம். அவையெல்லாம் விருந்தாளிகள் போலவும், வந்தால் வரும் வராவிட்டால் போகும் என்பது போலவும் பேசுகிறோம். வீட்டில் ஒரு முறை சொல்லிவிட்டால் போதும், சொந்தக்காரர் அத்தனை பேரும் அதை ஒப்புக்கொள்வார்கள். "அவளுக்கு சயின்ஸ் வராது, அவங்க அத்தைக்கும் வராது" என்று வம்சாவளியே சொல்லிவிடுவார்கள். ஆண் பிள்ளைக்கு மார்க் குறைந்தால் "விளையாட்டுப் புத்தி" என்கிறோம். பெண் பிள்ளைக்குக் குறைந்தால் "வராது" என்கிறோம். இந்த வித்தியாசத்தைப் பெற்றோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அரையாண்டு வரைக்கும் பொறுங்க. அதுக்கப்புறமும் இப்படியே இருந்தா நானே உங்க பக்கம் நின்னு பேசறேன்" என்று அவரிடம் சொன்னேன். அவர் அரைமனதோடு போனார். எனக்கும் அரைமனதுதான். ஆயினும் அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இருந்தது. ஏனெனில் 1979இல் அதே சொல்லை அழுதுகொண்டே சொன்னவள் நான்.

ஆத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எங்களுடையது. அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் மேட்டாங்காடு. குச்சிக்கிழங்கு போடுவோம். புத்தகத்தில் அதற்கு மரவள்ளி என்று பெயர். அம்மா சேகோ பேக்டரியில் கூலி வேலை. பத்தாம் வகுப்பு வரை தமிழில் படித்து, பள்ளியில் மூன்றாவதாகத் தேறினேன். தமிழ்நாட்டில் மேல்நிலைக் கல்வி வந்து அப்போது ஓராண்டுதான் ஆகியிருந்தது. டவுனில் ஒரு பள்ளியில் முதல் குரூப்பில் சேர்ந்தேன். பாடமெல்லாம் ஆங்கிலத்தில். முதல் மாதத் தேர்வில் இயற்பியலில் நூற்றுக்குப் பதினொன்று.

"மொமெண்ட் ஆப் எ போர்ஸ்" என்று ஒரு பாடம். வீட்டிலிருந்த சிறிய அகராதியில் "மொமெண்ட்" என்றால் கணம், நொடி என்று போட்டிருந்தது. விசையின் நொடி! மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். விசைக்கு ஏது நொடி? வகுப்பில் மற்றப் பெண்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் விளங்குகிறது, எனக்கு மட்டும் மூளை இல்லை என்று முடிவு செய்துவிட்டேன். (பல ஆண்டு கழித்து அவர்களில் இருவரைச் சந்தித்தபோது கேட்டேன். அவர்களுக்கும் விளங்கவில்லையாம். தலையாட்டுவதைப் பார்த்துப் பயப்படாதீர்கள்.)

எங்களுக்கு இயற்பியல் எடுத்தவர் ஒரு வயதான சிஸ்டர். பௌதிகம் என்றுதான் கடைசி வரை சொல்வார்கள். என்னைத் தனியே கூப்பிட்டு, "உங்கள் வீட்டில் திருகை இருக்கிறதா?" என்று கேட்டார்கள். இருக்கிறது என்றேன். "கைப்பிடி எங்கே இருக்கும்?" "ஓரத்தில், சிஸ்டர்." "நடுவில் வைத்தால் என்ன?" அப்படி யாராவது வைப்பார்களா என்று எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் வைக்கமாட்டார்கள் என்று வீட்டில் போய்ப் பார்த்து வந்து சொல்" என்று அனுப்பினார்கள்.

அன்று மாலை திருகையின் மேல்கல்லை, ஓரத்தில் அல்லாமல் நடுவச்சுக்கு நெருக்கமாகக் கையை ஊன்றித் தள்ளிப் பார்த்தேன். அசைய மறுத்தது. ஓரத்துக் கைப்பிடியைப் பிடித்தால் குழந்தைகூடச் சுற்றும். விசை ஒன்றே, அது அச்சிலிருந்து எத்தனை தூரத்தில் செயல்படுகிறது என்பதில்தான் சூட்சுமம். விசையையும் அந்தச் செங்குத்துத் தூரத்தையும் பெருக்கினால் வருவதுதான் மொமெண்ட். அச்சிலிருந்து 20 செ.மீ. தூரத்தில் கைப்பிடி இருந்தால், 5 செ.மீ. தூரத்தில் வேண்டிய விசையில் நாலில் ஒரு பங்கு போதும். கதவுக்குக் கைப்பிடி கீலுக்கு எதிர்ப்புறம் இருப்பதும் இதனால்தான்.

இதற்குத் தமிழில் "திருப்புத்திறன்" என்று பெயர். என்ன அழகான சொல்! சொல்லிலேயே பொருள் இருக்கிறது. ஆனால் ஒரு வெட்கக்கேட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்தச் சொல்லை நான் கீழ் வகுப்பிலேயே படித்திருந்தேன். வரையறையை ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதி முழு மதிப்பெண்ணும் வாங்கியிருந்தேன். திருகை நினைவுக்கு வரவே இல்லை. ஆக, என் துன்பத்துக்கு ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. தமிழிலேயே நான் விளங்கிக்கொள்ளாமல் மனப்பாடம் செய்திருந்தேன். ஆங்கிலம் வந்தபோது அந்த மனப்பாடச் சுவர் இடிந்து விழுந்தது, அவ்வளவே. நம் மாவட்டங்கள் மதிப்பெண்ணுக்குப் பேர்போனவை. விடியற்காலை நாலரை மணிக்கு எழுப்பி உருப்போட வைப்பதில் நமக்கு நிகர் இல்லை என்று வெளியூர்க்காரர்கள் சொல்கிறார்கள். அந்தப் பெருமையில் எத்தனை சுவர்கள் இப்படி நிற்கின்றனவோ!

சனிக்கிழமைகளில் அம்மாவுக்குச் சோறு கொண்டு பேக்டரிக்குப் போவேன். கிழங்கைத் தோலுரித்துக் கழுவி அரைப்பார்கள். பாலைச் சல்லடையில் விட்டுத் திப்பியைப் பிரிப்பார்கள். பால் தொட்டியில் மணிக்கணக்கில் நின்று மாவு அடியில் படியும். மேல்தண்ணீரை வடித்துவிட்டு மாவை வெட்டி எடுத்து, உடைத்து, குலுக்கிக் குலுக்கி மணியாக்கி, எண்ணெய் தடவிய தட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பார்கள். இதெல்லாம் பிறந்தது முதல் பார்த்தது. வேதியியல் புத்தகத்தில் பில்ட்ரேஷன், செடிமெண்டேஷன், டீகன்டேஷன் என்று மூன்று சொற்கள் என்னைப் பயமுறுத்திக்கொண்டிருந்தன. ஒரு சனிக்கிழமை தொட்டி ஓரம் நின்றபோது மூன்றும் கண்ணெதிரே நடப்பதைக் கண்டேன். வறுக்கிற இடத்தில் மணியின் மேற்புறம் மட்டும் கண்ணாடி போல் ஆவதற்கும் ஒரு பெயர் இருக்கும் என்று அன்று தோன்றியது. இருக்கிறது. ஈர மாவுச்சத்து சூட்டில் நீரை உள்வாங்கிப் பசையாகிறது. அந்தப் பசைதான் மணியை உதிராமல் பிடித்துக்கொள்கிறது.

அன்றே விஞ்ஞானத்தின் மேல் ஆசை வந்துவிட்டது என்று எழுதினால் அது பொய். பயம் கொஞ்சம் குறைந்தது, அவ்வளவுதான். ஆசை வந்தது கல்லூரியில் இரண்டாம் ஆண்டில், டைட்ரேஷன் செய்யும்போது. பியூரெட்டிலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழும். ஒரு சொட்டு முன்னால் நிறமே இருக்காது. அடுத்த சொட்டில் குடுவை முழுவதும் இளஞ்சிவப்பு. இரண்டு முறை ஒரே அளவு வர வேண்டும் என்பது விதி. எனக்கு ஒன்பது தடவை ஆயிற்று. ஒன்பதாவது தடவை வந்தபோது, லேப் அட்டெண்டர் விளக்கை அணைத்துவிடுவேன் என்று மிரட்டிக்கொண்டிருந்தார். நான் காதில் வாங்கவே இல்லை. அந்த மாலையிலிருந்து இந்தத் தொழிலை விட்டு வேறொன்றை நான் நினைத்ததில்லை.

மொழியைப் பற்றிப் பேசியதால் ஒருவரைச் சொல்ல வேண்டும். இந்திய அரசின் விஞ்ஞான, தொழிலக ஆராய்ச்சிக் குழு 1942இல் தொடங்கப்பட்டது. நாடெங்கும் உள்ள பல ஆய்வுக்கூடங்கள் அதன் கீழ் இயங்குகின்றன. எண்பது ஆண்டுகள் அதன் தலைமைப் பொறுப்பில் ஒரு பெண்கூட இருந்ததில்லை. 2022 ஆகஸ்டில் அந்தப் பொறுப்பை ஏற்ற முதல் பெண்மணி டாக்டர் ந. கலைச்செல்வி. திருநெல்வேலிச் சீமையில் அம்பாசமுத்திரத்துக்காரர். பள்ளிப் படிப்பு தமிழில். காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையத்தில் சேர்ந்து, லித்தியம் பேட்டரிகளில் ஆராய்ச்சி செய்து, 2019இல் அதன் முதல் பெண் இயக்குநரானவர். தமிழில் படித்ததே கல்லூரியில் விஞ்ஞானக் கருத்துகளைப் பற்றிக்கொள்ள உதவியது என்று அவர் சொல்லியிருக்கிறார். ஆங்கில வழியில் படிக்கும் நம் பிள்ளைகள் இதைக் கேட்டு வருந்த வேண்டாம். பாடத்தை வீட்டு மொழியில் ஒரு தடவை தங்களுக்குத் தாங்களே சொல்லிப் பார்த்தால் அந்தப் பலன் அவர்களுக்கும் கிடைக்கும்.

இனி நான் வகுப்பில் அடிக்கடி சொல்லி, மாணவியர் "மறுபடியும் அன்னா மணியா!" என்று சிரிக்கும் கதை. சிரித்தாலும் பரவாயில்லை.

அன்னா மணி 1918 ஆகஸ்டு 23ஆம் நாள், மலைப்பிரதேசமான பீர்மேட்டில் பிறந்தார். தந்தை சிவில் என்ஜினியர். எட்டாவது பிறந்த நாளில் பெண் பிள்ளைக்கு வைரத்தோடு போடுவது அந்தக் குடும்ப வழக்கம். தோடு வேண்டாம், என்சைக்ளோபீடியா பிரிட்டானிக்கா வேண்டும் என்று அந்தச் சிறுமி கேட்டாள். சென்னை மாநிலக் கல்லூரியில் 1939இல் இயற்பியல், வேதியியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்று, பெங்களூரில் சர் சி.வி. ராமனின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே அவர் ஆராய்ந்தது எதை? வைரத்தை! தோடாக வேண்டாம் என்றவர், முப்பதுக்கும் மேற்பட்ட வைரங்களை ஒளியில் வைத்துப் பார்த்தார். ஒரு போட்டோ தகட்டில் ஒளிக்கோடுகள் பதிய 15 மணி, 20 மணி நேரம் ஆகும். பல இரவுகள் ஆய்வுக்கூடத்திலேயே உறங்கினார். தாமே தனியாக எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் ஐந்து வெளிவந்தன.

அந்த நாளில் ஒரு பெண் கருவியைக் கையாள்வதில் சிறு பிழை செய்தாலும், பெண்களுக்கு இது ஆகாது என்று உடனே பேச்சுக் கிளம்பிவிடும் என்று அன்னா மணி பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். நம்முடைய "வராது" என்ற அதே சொல்தான். வீட்டில் மட்டுமல்லாமல் பெரிய ஆய்வுக்கூடத்திலும் அது உட்கார்ந்திருந்தது.

1945இல் ஆய்வேட்டைச் சென்னைப் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்று காரணம் காட்டி டாக்டர் பட்டம் மறுத்துவிட்டார்கள். அத்தனை இரவுகளும் வீண் என்று நாமாக இருந்தால் சொல்வோம். அவர் இங்கிலாந்து சென்று இயற்பியலில் மேற்கொண்டு ஆராய விரும்பினார். கிடைத்த உதவித்தொகையோ வானிலைக் கருவிகளைப் பற்றிப் படிப்பதற்கு. வெப்பமானி, மழைமானி, காற்றுமானி. வைரத்தின் ஒளியை ஆராய்ந்தவருக்கு மழைத்தண்ணீரை அளக்கும் தகரக் குவளை! ஆசைப்பட்டு எடுத்த துறை அல்ல அது. மாணவியரே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பிடித்தது கிடைக்காதபோது கிடைத்ததைக் கையில் எடுத்தார். கையில் எடுத்தபின் அதை முழுவதும் கற்றார்.

1948இல் நாடு திரும்பிப் புனேயில் வானிலைத் துறையில் சேர்ந்தார். சாதாரண கருவிகளுக்குக்கூட வெளிநாட்டை எதிர்பார்த்திருந்த காலம். ஏறக்குறைய நூறு வகைக் கருவிகளுக்கு வரைபடம் தயாரித்து, இங்கேயே செய்ய ஏற்பாடு செய்தார். 1953இல் அவருடைய பிரிவில் அவருக்குக் கீழ் 121 ஆண்கள் வேலை பார்த்தார்கள். தப்பாக அளப்பதைவிட அளக்காமலே இருப்பது மேல் என்பது அவருடைய பிடிவாதம். மேட்டூர் அணையின் நீர்மட்டத்தை விடிந்தால் கேட்டுக்கொண்டு வாழும் நம் ஊர்க்காரர்களுக்கு அந்தப் பிடிவாதத்தின் அருமை தெரியும். 120 அடி என்றால் 120 அடியாகவே இருக்க வேண்டும் அல்லவா? சூரிய ஒளி இந்தியாவில் எங்கே எவ்வளவு விழுகிறது என்பதற்கு அவர் தொகுத்த நூல்கள் 1980, 1981ஆம் ஆண்டுகளில் வந்தன. வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக 1976இல் ஓய்வு பெற்ற பின்னும் சும்மா இருக்கவில்லை. நாடெங்கும் எழுநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் காற்றின் வேகத்தை அளக்கும் பணியை நடத்தினார். இன்று கூரை மேல் சோலார் தகடு வைப்பவரும் காற்றாலை நிறுவுபவரும் இப்படிப்பட்ட கணக்குகளை நம்பித்தான் பணத்தைப் போடுகிறார்கள். 2001இல் திருவனந்தபுரத்தில் காலமானார். டாக்டர் பட்டம் பெறாமலே.

மதிப்பெண் அட்டையைப் பார்த்துக் கலங்கும் பெற்றோருக்கு இன்னும் இருவரைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் ஈட்டன் பள்ளியில் 1949இல் ஜான் கர்டன் என்ற பையன் உயிரியலில் 250 மாணவரில் 250ஆவது. விஞ்ஞானியாக ஆசைப்படுவது வெறும் நேர விரயம் என்ற பொருளில் ஆசிரியர் அறிக்கை எழுதினார். 2012இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு மேசைக்கு மேல் மாட்டியிருந்தாராம். (இதைக் காட்டி அப்பாவிடம் கையெழுத்து வாங்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அவர் இடையில் நிறையப் படித்தார்.) மற்றவர் நம் சிதம்பரத்தில் 1952இல் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன். பரோடாவில் கன்னியர் நடத்திய கான்வென்டில் படித்தவர். ஐ.ஐ.டி.யிலும் இடம் கிடைக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இல்லை. அமெரிக்காவில் இயற்பியலில் டாக்டர் பட்டம் வாங்கிய பிறகு, தம் மனம் உயிரியலில் இருக்கிறது என்று உணர்ந்து, மறுபடியும் மாணவராகச் சேர்ந்து முதலிலிருந்து படித்தார். பிறகு ஐம்பது கல்லூரிகளுக்கு வேலை கேட்டு எழுதியும் ஒன்றும் கிடைக்கவில்லை. 2009இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவர் ஒருவர். இரண்டாவது தடவை ஆரம்பிக்க வெட்கப்படாத அந்தக் குணத்தைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பரிசு பிறகு.

இப்போது லாரிக்காரர் மகளிடம் திரும்புவோம்.

அவளுடைய முதல் சண்டை "மோல்" என்ற பாடத்தோடு. 6.022 பெருக்கல் பத்தின் அடுக்கு 23 என்ற எண்ணைக் கண்டதுமே கண்ணை மூடிக்கொள்வாள். "உங்கப்பா லோடு எப்படி எண்ணுவாரு?" என்று கேட்டேன். "அட்டை கணக்குங்க டீச்சர். ஒரு அட்டைக்கு முப்பது முட்டை." "கோழி முட்டை ஒண்ணு அம்பது கிராம்னா அட்டை எவ்வளவு?" "ஒன்றரைக் கிலோ." "அதே முப்பது, காடை முட்டை, பத்துப் பத்துக் கிராம்?" "முந்நூறு கிராம்." "எண்ணிக்கை?" "ஒண்ணுதான்." சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். மோல் என்பது விஞ்ஞானிகளின் அட்டை. அணு மிகச் சிறியது என்பதால் அட்டை மிகப் பெரியது. ஒரு மோல் கார்பன் 12 கிராம். ஒரு மோல் நீர் 18 கிராம். ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடு 44 கிராம். துகள்களின் எண்ணிக்கை மூன்றிலும் ஒன்றே. எண்ண முடியாததை எடைபோட்டு எண்ணுகிறோம்.

அவளுக்கு நான் கொடுத்த வேலை சிறியது. கைடு புத்தகத்தை மூன்று மாதம் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே பக்கம். விளங்காத சொல்லை வட்டமிட்டு, அதற்குத் தமிழும், அது வீட்டிலோ தெருவிலோ எங்கே நடக்கிறது என்பதும் எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டும். கணக்கைப் பார்த்துப் படிக்கக் கூடாது. விடையை மூடிவைத்துப் போட வேண்டும். தப்பாகப் போட்டதை அடிக்காமல் அப்படியே விட்டு, ஏன் தப்பு என்று பக்கத்தில் எழுத வேண்டும். முதல் இரண்டு வாரம் நோட்டில் தப்புகளே இருந்தன. நான் அதற்குத்தான் "நன்று" போட்டேன்.

அவளுடைய ஊர் சித்தம்பூண்டிக்கு அருகில் என்று பேச்சுவாக்கில் சொன்னாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். அந்த ஆகஸ்டு 23ஆம் நாள், அன்னா மணியின் பிறந்த நாளன்று, சந்திரயான்-3 நிலவில் இறங்கியிருந்தது. பள்ளி முழுவதும் கைதட்டிப் பார்த்தோம். திட்ட இயக்குநர் விழுப்புரத்து வீரமுத்துவேல். அதற்கு முன் சந்திரயான்-2க்குத் திட்ட இயக்குநர் மு. வனிதா என்ற பெண்மணி. அந்த ஊர்திகளைப் பூமியில் சோதித்துப் பார்க்க நிலவின் மண் போன்ற மண் டன் கணக்கில் வேண்டியிருந்தது. அயல்நாட்டில் வாங்குவது மிகுந்த செலவு. சித்தம்பூண்டியிலும் குன்னமலையிலும் கிடைக்கும் அனார்த்தசைட் என்ற பாறை நிலவின் மேட்டுப் பகுதிப் பாறையை ஒத்தது என்று நிலவியலார் சொன்னதால், அதை உடைத்துப் பொடியாக்கிப் பெங்களூர் கொண்டுபோனார்கள். சேலம் பெரியார் பல்கலைக்கழக நிலவியல் துறையும் இதில் உதவியது. இப்படி மண் தயாரிக்கும் முறைக்கு இஸ்ரோ 2020இல் காப்புரிமை பெற்றது. சித்தம்பூண்டிப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகள். பெரும்பகுதி கால்சியம், அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு கனிமம். பௌர்ணமியன்று வெளேரென்று தெரியும் நிலவின் பகுதிகள் இந்த இனத்துப் பாறைதான். சந்திரயான்-3இன் ஊர்தி தான் நின்ற இடத்து மண்ணை ஆராய்ந்து, அதுவும் பெரும்பாலும் அனார்த்தசைட் இனமே என்று காட்டியது. அந்த முடிவு 2024இல் வெளியாயிற்று.

"அந்தக் கல்லு எங்க காட்டு வேலி ஓரமெல்லாம் கெடக்குதுங்களே டீச்சர்" என்றாள். மறுநாள் தாவணி முந்தியில் முடிந்து ஒரு துண்டு கொண்டுவந்தாள். (சீருடையோடு தாவணி ஏது என்று கேட்காதீர்கள்; அன்று சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ்.) வெள்ளைக் கல்லில் கறுப்புப் புள்ளிகள். வகுப்பில் எல்லோரும் கைமாற்றிப் பார்த்தார்கள். அது இப்போதும் ஆய்வுக்கூட அலமாரியில் இருக்கிறது.

அரையாண்டில் எழுபதுக்கு முப்பத்தெட்டு. பிரமாதம் ஒன்றும் இல்லை. தகப்பனார் வந்து மார்க்கைப் பார்த்துவிட்டு, "இப்ப அழுவறதில்லீங்க. ஆனா வீட்ல ஒரு சாமானும் வெச்ச எடத்துல இருக்க மாட்டேங்குதுங்க" என்று குறைப்பட்டார். டி.சி. பேச்சை அவர் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜனவரியில் மாவுச்சத்துச் சோதனை. ஜவ்வரிசிக் கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் கருநீலம் ஆகும். ஆண்டுதோறும் செய்து காட்டுவேன், ஆண்டுதோறும் பிள்ளைகள் "ஐ!" என்பார்கள், மணி அடித்துவிடும். அன்று மணி அடித்த பிறகும் அவள் போகவில்லை. "டீச்சர், இத சூடு பண்ணுனா என்னாவுங்க?" என்றாள். கறுத்துத்தான் போகும் என்று எண்ணிக்கொண்டே, "பண்ணிப் பாரேன்" என்றேன். சோதனைக் குழாயைச் சுடரில் காட்டினாள். நீலம் வெளுத்துக்கொண்டே வந்து, கொதிக்கத் தொடங்குமுன் கஞ்சி வெறும் கஞ்சியாக நின்றது. முப்பத்தைந்து ஆண்டுகளில் நான் அதைச் சூடாக்கிப் பார்த்ததே இல்லை.

"கலர் எங்கீங்க டீச்சர் போச்சு?"

"தெரியலையே அம்மா. தேடிப் பார்க்கலாம்" என்றேன். அன்று மாலை நூலகத்தில் இருவரும் பெரிய புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தோம். மாவுச்சத்தின் நீண்ட சங்கிலி ஸ்பிரிங் போலச் சுருண்டிருக்கிறது. அந்தச் சுருளுக்குள் அயோடின் புகுந்து உட்காரும்போது நீலம் பிறக்கிறது. சூட்டில் சுருள் தளர்ந்து அயோடின் வெளியே வந்துவிடுகிறது. ஆறினால் மறுபடியும் உள்ளே போகும் என்று போட்டிருந்தது.

"நெசமாலுமே திரும்பி வருமுங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினாள். நான் போய்ச் சேர்வதற்குள் மறுபடி ஒரு குழாயைக் காய்ச்சி வெளுக்க வைத்து, குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு அதன் கீழ் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடியிலிருந்து மெல்ல நீலம் ஏறிக்கொண்டிருந்தது.